அடுப்பை விட்டு இறங்கிய ஓநீ

சிங்கப்பூரில் இன்று ஓநீக்குப் பஞ்சமே கிடையாது. கேக்கின் இரண்டு அடுக்குக்கு நடுவே அது இருக்கிறது. நிலாப் பண்டிகைக் காலத்து மூன்கேக்கில், ஐஸ்கிரீமில், பன்னுக்குள், பால்தேநீர்க் கோப்பையின் அடியில் எல்லாம் இருக்கிறது. ஆகவே ஓநீக்கு இரங்கல் எழுதுகிறேன் என்றால், ஆள் நன்றாக இருக்கும்போது எதற்கு ஒப்பாரி என்றுதான் கேட்பார்கள். பண்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. போய்ச் சேர்ந்தது அதை வீட்டில் கிண்டும் வழக்கம். தியோச்சியூச் சீனக் குடும்பங்களில் ஒரு முழுச் சேப்பங்கிழங்கை வாங்கித் தோல் சீவி, ஆவியில் அவித்து, வெட்டுக்கத்தியின் அகலப் பக்கத்தால் இழுத்து மசித்து, பன்றிநெய்யும் சர்க்கரையும் சேர்த்து அடுப்படியில் நின்று கிண்டி, விருந்தின் கடைசித் தட்டாகக் கொண்டுவந்து வைத்தார்களே, அந்த வேலை.

கடைசி மூச்சு எந்த வீட்டில், எந்த ஆண்டில் போனது என்று சொல்ல முடியாது. வழக்கங்களுக்கு மரணச் சான்றிதழ் கிடையாது. முற்றாகப் போய்விட்டது என்று எழுதினால், ஹவ்காங்கிலிருந்து ஒரு பாட்டி கரண்டியைத் தூக்கிக்கொண்டு மறுப்புச் சொல்ல வருவார். வரட்டும், அவருக்கு என் வணக்கம். ஆனால் வரிசை வீடுகளில் எல்லாம் நடந்த காரியம், ஊருக்கு ஒருவர் பெருமைக்குச் செய்து படமெடுத்துக் காட்டும் காரியமாக மாறிய பிறகு அதை வழக்கம் என்று சொல்வதற்கில்லை.

தெரியாதவர்களுக்காக ஓநீயைக் கொஞ்சம் அறிமுகப்படுத்திவிடுகிறேன். சாம்பலும் இளம் ஊதாவும் கலந்த நிறம், பளபளப்பு, கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் அவசரமில்லாமல் வழியும். மேலே பரங்கிக்காய்த் துண்டுகளும் சர்க்கரைப் பாகில் வெந்த ஜிங்கோ கொட்டைகளும் கிடக்கும். முதல் வாய் வைக்கும் தமிழருக்கு ஒரு குழப்பம் வரும். இனிப்புப் பண்டத்தில் வதக்கிய சின்ன வெங்காய வாசனை எப்படி வந்தது? வந்தே ஆக வேண்டும். வெங்காயம் பொரித்த பன்றிநெய்யில்தான் கிழங்கைக் கிண்டுவார்கள். அந்த வாசனை இல்லாத ஓநீ வெறும் கிழங்குக் கூழ்.

கிழங்கு நமக்குத் தெரிந்ததுதான். நாம் புளி விட்டு அவித்து வறுக்கிற சிறிய சேப்பங்கிழங்கு, தாய்க்கிழங்கைச் சுற்றி முளைக்கும் பிள்ளை. ஓநீக்கு வேண்டியது அதே இனத்தில் தாய்க்கிழங்கே பெருக்கும் வகை. ஒன்று ஒரு கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். குறுக்கே அறுத்தால் வெள்ளைச் சதை முழுக்க ஊதா நார்கள் ஓடியிருக்கும். சிங்கப்பூரில் எல்லா இனத்தாரும் அதை 'யாம்' என்றுதான் கேட்டு வாங்குவார்கள்.

பிறந்த ஊர் சாவ்ஷான். குவாங்டோங் மாநிலத்தின் கிழக்கோரத்தில் ஹான் ஆறு கடலோடு சேரும் சமவெளி. நிலம் குறைச்சல், வாய்கள் அதிகம். ஆனால் கரும்பு நன்றாக விளைந்த பூமி. பதினெட்டாம் நூற்றாண்டில் செங்ஹாய் வட்டாரத்துச் சாங்லின் துறையிலிருந்து முகப்பில் சிவப்பு பூசிய கப்பல்கள் புறப்பட்டன. சர்க்கரையை ஏற்றிக்கொண்டு வடக்கே போயின, அரிசி கொண்டுவரச் சயாமுக்குப் போயின, கூடவே ஆட்களையும் கொண்டுபோயின. அதே செங்ஹாயிலிருந்து போன ஒருவரின் மகன்தான் சயாமின் மன்னரான தாக்சின். பிறகு 1860இல் சுவாட்டோ, இன்றைய ஷாந்தோ, வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டபோது அந்த ஓட்டம் வெள்ளமாயிற்று. சர்க்கரை விளையும் ஊர்க்காரர்களுக்கு அதைத் தாராளமாகப் போடத் தெரியும். தியோச்சியூ விருந்தென்றால் பழைய முறையில் இனிப்பில் தொடங்கி இனிப்பில் முடிய வேண்டும். முடித்து வைக்கும் பொறுப்பு பெரும்பாலும் ஓநீக்கு. இலையுதிர் காலத்தில் கிழங்கு தோண்டப்படும். பன்றி கொல்லையில் நிற்கும். சர்க்கரை ஊரிலேயே காய்ச்சப்படும். மூன்றும் ஒரு குவாலிச் சட்டியில் சேர்ந்ததற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

இந்தக் கிழங்குக் களிக்கு ஒரு கதையும் உண்டு. அதைச் சொல்லாத தியோச்சியூ தாத்தாக்கள் குறைவு, ஆனால் கதையின் நாயகர் ஃபூஜியான்காரர். 1839இல் அபினைப் பிடித்து அழிக்கக் குவாங்டோங்குக்கு அனுப்பப்பட்ட லின் சேஷு, வெள்ளைக்காரர் விருந்துக்குப் போனாராம். ஐஸ்கிரீமிலிருந்து எழுந்த புகையைப் பார்த்துச் சூடென்று நினைத்து அவர் வாயால் ஊத, எல்லாரும் சிரித்தார்களாம். மறுவிருந்தில் அவர் ஓநீயை வைத்தாராம். ஆவியே எழாத தட்டு. ஆறியது என்று நம்பி அள்ளிப் போட்டவர்களின் நாக்கு வெந்ததாம். நடந்திருக்க வாய்ப்பில்லாத கதை. ஆனால் அதில் இருக்கும் இயற்பியல் சரி. மேலே படர்ந்து நிற்கும் கொழுப்பு ஆவியை வெளியே விடாது. அடர்ந்த களி சூட்டை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். ஓநீயில் நாக்கைச் சுட்டுக்கொள்ளாத பிள்ளை தியோச்சியூ வீட்டில் வளர்ந்திருக்க முடியாது.

சிங்கப்பூர் ஆற்றின் தென்கரை ஒரு காலத்தில் தியோச்சியூக்காரர்களுடையது. போட் கீயிலும் சர்க்குலர் ரோட்டிலும் மீன், அரிசி, மிளகு, துணி என்று கடை விரித்தார்கள். மிளகும், தோல் பதனிடப் பயன்பட்ட கேம்பியரும் பயிரிட்டுப் பெரும் பொருள் சேர்த்த சியா இயு சின், 1845இல் நீ ஆன் கொங்சி அமைப்பு தோன்றக் காரணமானவர். பிலிப் ஸ்ட்ரீட்டில் அவர்களின் வாக் ஹாய் செங் பியோ கோயில் இன்றும் உயர்மாடிகளுக்கு நடுவில் நிற்கிறது. அந்தக் கோயிலை விட்டு இறங்கி நடந்தால் உடனே சூலியா ஸ்ட்ரீட். பக்கத்து மார்க்கெட் ஸ்ட்ரீட்டில்தான் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. சீன வணிகர்கள் அங்கே வந்து கடன் வாங்கிப் போவார்கள். அவர்களின் கல்யாண விருந்தில் செட்டியார்கள் ஓநீ சாப்பிட்டிருப்பார்களா என்று நான் வேடிக்கையாக யோசிப்பதுண்டு. பன்றிநெய் என்று தெரிந்திருந்தால் நிச்சயம் இல்லை.

ஆற்றங்கரையின் எல்லன்பரோ சந்தையைத் தியோச்சியூ சந்தை என்றே ஊர் அழைத்தது. 1968இல் தீ அதைத் தின்றது. அதற்குள் ஆட்களும் கடைவீட்டு மாடிகளை விட்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளுக்குக் கிளம்பத் தொடங்கியிருந்தார்கள். கரண்டியும் குவாலியும் கூடவே போயின. சிங்கப்பூர்ச் சீனரில் ஹொக்கியன்காரர்களுக்கு அடுத்த பெரிய கூட்டம் தியோச்சியூக்காரர்கள். ஆகவே எந்தப் பேட்டையில் வீடு கிடைத்தாலும் பெருவழியில் ஒரு தியோச்சியூ குடும்பம் அமையும். எங்கள் மாடியில் எதிர்வீடு.

அந்த வீட்டுப் பெரியவரை நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் ஆ மா என்போம். அவர் என்னைத் தம்பி என்பார். என் அம்மாவுக்கும் அவருக்கும் நடுவில் ஓடிய மொழி பாசார் மலாய். அந்தத் தலைமுறையில் தமிழருக்கும் சீனருக்கும் சமையல் பேச அதைவிட வசதியான மொழி அமையவில்லை. கிழங்குக்குக் கெலாடி, எண்ணெய்க்கு மின்யாக், போதும் என்பதற்குச் சுக்குப். இந்த இருநூறு முந்நூறு சொல்லை வைத்துக்கொண்டே இரண்டு பேரும் நாற்பது ஆண்டு ஊர்க்கதை பேசியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் பன்றி சேராது. அதனால் ஆ மா ஓநீ கிண்டும் நாளில் ஒரு சின்னப் பங்கை எங்களுக்கென்று வேறு சட்டியில் கடலை எண்ணெயில் கிண்டித் தருவார். வீட்டு விரதம் என்னை விட்டுப் போன வயதில்தான் பன்றிநெய் ஓநீயைச் சாப்பிட்டேன். இரண்டையும் தின்றவன் என்ற தகுதியில் சொல்கிறேன்: எங்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது பாசம். பண்டம் எதிர்வீட்டிலேயே இருந்தது.

வேலை ஈரச்சந்தையில் தொடங்கும். ஆ மா கிழங்கைக் கையில் தூக்கிப் பார்ப்பார். உருவத்துக்கு எடை குறைவாக இருப்பதை எடுப்பார், கனமானதை ஒதுக்குவார். நீர் குறைந்த, மாவு மிகுந்த கிழங்கு லேசாக இருக்கும். அதுதான் அவிந்ததும் பொலபொலவென்று உதிரும். நீர்க்கிழங்கு என்ன செய்தாலும் பிசுபிசுப்புதான். கடைக்காரர் அறுத்து வைத்திருந்தால் கத்தியில் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். வீட்டுக்கு வந்ததும் கழுவுவதற்கு முன்பே, கிழங்கும் கையும் காய்ந்திருக்கும்போதே, தோலைச் சீவிவிடுவார். சேப்பங்கிழங்கின் அரிப்பு எந்தத் தமிழ் வீட்டுக்கும் புதிதில்லை. கால்சியம் ஆக்சலேட்டின் ஊசிப் படிகங்கள் செய்யும் வேலை அது. ஈரம் பட்டால் இன்னும் மூர்க்கமாகும், நன்றாக வெந்தால் அடங்கும்.

பன்றிநெய் முந்தின நாள் தயாராகியிருக்கும். கொழுப்பைச் சிறு கட்டிகளாக நறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, சின்னத் தீயில் வைப்பார். தண்ணீர் போகப் போக நெய் உருகி வரும். மிஞ்சும் பொரிந்த சக்கை நூடுல்ஸுக்கு மேலே தூவ; பிள்ளைகள் பாதியை அதற்குள் திருடியிருப்பார்கள். மறுநாள் அந்த நெய்யில் வட்ட வட்டமாக நறுக்கிய சின்ன வெங்காயத்தைப் பொன்னிறமாகப் பொரித்து எடுத்துவிட்டு, வாசனை ஏறிய நெய்யைத் தனியே வைப்பார். ஜிங்கோ கொட்டைதான் எல்லாவற்றிலும் எரிச்சலான வேலை. ஓட்டை உடைத்து, வெந்நீரில் போட்டுப் பழுப்புத் தோலை உரித்து, ஒவ்வொன்றின் நடுவிலிருக்கும் கசப்பான பச்சைக் குருத்தை ஊசியால் எடுத்து, அவித்து, பிறகு சர்க்கரைப் பாகில் ஊற வைக்க வேண்டும். குழந்தைகளுக்கு எண்ணித்தான் கொடுப்பார்கள். வைட்டமின் பி6இன் வேலையைத் தடுக்கும் நஞ்சு அந்தக் கொட்டையில் இருக்கிறது. அளவுக்கு மீறித் தின்ற பிள்ளைக்கு வலிப்பு வரலாம். ஆ மாவுக்கு வைட்டமின் கணக்கு தெரியாது. பிள்ளைகளுக்கு ஆகாது என்று மட்டும் தெரியும்.

வில்லையாக நறுக்கிய கிழங்கை, சாப்ஸ்டிக் தடையில்லாமல் இறங்கும்வரை ஆவியில் வைப்பார். சூட்டோடு பலகையில் கொட்டி, சீன வெட்டுக்கத்தியைச் சாய்த்து அழுத்தி, தன்னை நோக்கி இழுப்பார். ஒவ்வொரு இழுப்பிலும் ஒரு கட்டி மாவாகும். நார் கத்தியில் சிக்கும். அதை எடுத்து எறிவார். ஆறவிட்டால் கிழங்கு இறுகிவிடும் என்பதால் கை சுட்டாலும் நிறுத்த மாட்டார். சல்லடையில் தேய்ப்பவர்களும் உண்டு. சேப்பங்கிழங்கின் மாவுமணிகள் மிக நுண்ணியவை, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். ஓநீயின் வழவழப்பு அங்கிருந்து வருகிறது. கட்டியும் நாரும் இருந்துவிட்டால் அந்த நுண்மை நாக்குக்கு எட்டாது.

அப்புறம் கிண்டல். திருநெல்வேலி அல்வா கிண்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டம் தெரியும்: முதலில் நெய்யைக் குடிக்கும், பிறகு கொஞ்ச நேரம் எதற்கும் அசையாது, திடீரென்று கக்கத் தொடங்கும். கிழங்கின் எடையில் பாதிவரை சர்க்கரை, கால் பங்குக்குக் குறையாத நெய். இதைக் கேட்டே இன்றைய ஆள் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, இடையிடையே வெந்நீர் தெளித்து, சின்னத் தீயில், அடிப்பிடிக்க விடாமல் கிண்ட வேண்டும். சர்க்கரை இளகும்போது களி தளரும், பிறகு மறுபடி கெட்டியாகும். கொழுப்பு ஒவ்வொரு மாவுமணியையும் போர்த்தும்வரை கை ஓயக் கூடாது. ஓய்ந்தால் அடியில் பழுப்புப் பொருக்கு. அந்தப் பொருக்கு ஒரு கரண்டி மேலே வந்துவிட்டால் சட்டி முழுக்க தீய்ந்த வாசனை. ஆ மா வலது கை தளர்ந்தால் இடது கைக்கு மாற்றுவார். நடுவில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். குவாலியின் ஓரத்தில் ஒட்டாமல் களி முழுசாகச் சுழலும்போது, அதன் முகத்தில் பளபளப்பு ஏறும்போது, இறக்குவார். எத்தனை நிமிடம் என்று கேட்டால், முடியும்வரை என்பார்.

பன்றிநெய்தான் வேண்டும் என்பதற்குக் காரணம் பழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அது சாதாரண அறைச்சூட்டில் உறையும். முப்பதிலிருந்து நாற்பது டிகிரிக்குள் உருகும். தட்டில் களிக்கு உடம்பு கொடுத்துவிட்டு வாய்க்குள் கரைந்துபோகும். கடலை எண்ணெயும் சோள எண்ணெயும் உறையாதவை. கொஞ்ச நேரத்தில் களியை விட்டுப் பிரிந்து தட்டின் ஓரத்தில் தேங்கும். எங்கள் வீட்டுச் சட்டியில் நான் சிறுவயதில் பார்த்த மஞ்சள் வளையம் அதுதான்.

முதலில் அடி விழுந்ததும் அந்த நெய்யின் மீதுதான். பொங்கோலில் பன்றிப் பண்ணைகள் இருந்தன. அவற்றில் வேலை பார்த்தவர்களில் தியோச்சியூக்காரர்கள் நிறைய. 1984இல் அரசு பன்றி வளர்ப்பைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. நாற்றமும் கழிவுநீரும் நிலப் பற்றாக்குறையும் காரணங்கள். அடுத்த சில ஆண்டுகளில் பண்ணைகள் காலியாயின, இறைச்சி கடல் தாண்டி வரத் தொடங்கியது. கொழுப்பு கிடைக்காமல் போகவில்லை. சந்தையில் கேட்டால் இன்றும் கொடுப்பார்கள். ஆனால் கேட்பவர் குறைந்தார். 1992இல் தேசிய ஆரோக்கிய வாழ்க்கைமுறை இயக்கம் வந்தது. டாக்டர் அறையில் கொழுப்பு எண்ணிக்கை தெரிய வந்தது. பன்றிநெய் ஜாடி அலமாரியின் பின்வரிசைக்குப் போனது. அதன் இடத்தில் எண்ணெய் வந்தது, கூடவே தேங்காய்ப்பாலும் வந்தது. தேங்காய்ப்பால் சாவ்ஷானில் கிடையாது. பாங்காக்கிலும் சிங்கப்பூரிலும் குடியேறிய பிறகு சேர்ந்த பழக்கம் அது. இப்போது பாரம்பரியம் என்ற சீட்டோடு அதுவே விற்கிறது. இதயத்துக்கு நல்லதென்று நினைத்து மாற்றியவர்களுக்கு ஒரு கணக்கு. தேங்காய்க் கொழுப்பில் பத்துக்கு எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, பன்றிநெய்யில் ஏறத்தாழ நாலு பங்கு. பழியைச் சுமந்தது பன்றி.

2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தபோது சர்க்கரையும் குற்றவாளிக் கூண்டில் ஏறியது. நெய்யையும் சர்க்கரையையும் குறைத்த ஓநீ, சரியாகச் சொன்னால், உப்பில்லாமல் மசித்த கிழங்கு. அதற்காக ஒரு மணி நேரம் யார் நிற்பார்?

மொழியையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். 1979இல் லீ குவான் இயூ மாண்டரின் பேசுவோம் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். வானொலியும் தொலைக்காட்சியும் கிளைமொழிகளைக் கைவிட்டன. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் ஆங்கிலமே அதிகம் பேசுவதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 48.3 பேர், சீனக் கிளைமொழிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 8.7. (தமிழுக்கு 2.5. இதை எழுதும்போது எனக்கு எதிர்வீட்டைப் பார்த்துப் பரிதாபப்படும் உரிமை இல்லை.) பாட்டியின் மொழி பேத்திக்குப் புரியாத வீட்டில் சமையல் கைமாறுவது சிரமம்தான். ஆனாலும் இந்தக் காரணத்தை நான் முழுக்க ஏற்கவில்லை. இருநூறு சொல் பாசார் மலாயில் என் அம்மா ஆ மாவிடமிருந்து உப்பிட்ட கடுகுக்கீரைச் சமையலைக் கற்றுக்கொண்டார். கற்க வேண்டும் என்றால் சொற்கள் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. பக்கத்தில் நிற்க நேரம் தேவைப்பட்டது.

அந்த நேரம் எங்கே போனது என்பதுதான் இந்தச் சாவின் மெய்யான கதை. 1970இல் சிங்கப்பூரில் வேலைக்குப் போன பெண்கள் நூற்றுக்கு முப்பது பேர்கூட இல்லை. இன்று அறுபதுக்கு மேல். குடும்பமும் சுருங்கியது. 2023இல் மொத்தக் கருவள விகிதம் 0.97. ஒரு கிலோ கிழங்கில் செய்த ஓநீ பத்துப் பேருக்குக் காணும். மூன்று பேர் வீட்டில் அதை யாருக்காகக் கிண்டுவது? கொஞ்சமாகச் செய்தால் என்ன என்று கேட்கலாம். கால் கிலோவுக்கும் அதே வெங்காயம், அதே கொட்டை, அதே கத்தி, அதே சட்டி கழுவல். 1978க்குப் பிறகு வெளிநாட்டுப் பணிப்பெண்கள் வீடுகளுக்கு வந்தார்கள். சில வீடுகளில் ஓநீயைக் கடைசியாகக் கிண்டிய கை பாட்டியினுடையதோ மருமகளுடையதோ அல்ல, இலோயிலோவிலிருந்து வந்த ஒரு பிலிப்பினோப் பெண்ணுடையது. அவருடைய பெயர் எந்தக் குடும்பச் சமையல் நினைவிலும் வராது.

பாரம்பரியம் அழிகிறதே என்று புலம்புகிறவர்களை இந்த ஊரில் நிறையக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் ஆண்கள், ஆண்களாக இல்லாவிட்டால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். கிண்டியவர்கள் புலம்பி நான் கேட்டதில்லை. உணவகத்தில் இதே வேலையைச் செய்யும் ஆண் சமையற்காரருக்கு மாஸ்டர் என்று பெயர், சம்பளம், பத்திரிகையில் படம். வீட்டில் செய்த பெண்ணுக்குக் கிடைத்தது தோள்வலி. ஆ மாவிடம் ஏன் இப்போதெல்லாம் செய்வதில்லை என்று நான் ஏக்கத்தோடு கேட்டபோது, அவர் கையை உதறிச் சிரித்தார். "சூசா லா தம்பி. பெலி லாகி செனாங்." கஷ்டம் தம்பி, வாங்குவதுதான் லேசு. மகளுக்குக் கற்றுக்கொடுத்தீர்களா என்றதற்கு, அவளுக்குத்தான் ஆபீஸ் இருக்கிறதே என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இழப்பு எதுவும் தெரியவில்லை, பெருமைதான் தெரிந்தது. மகளை அடுப்படியில் நிற்கவைக்கக் கூடாது என்பதற்காகவே அவர் அவ்வளவு காலம் நின்றிருக்கலாம்.

ஆகவே இந்த இரங்கலில் கொலைகாரரைத் தேட எனக்கு விருப்பமில்லை. செய்தே தீர வேண்டியிருந்தவர்களுக்கு விடுதலை கிடைத்ததும் முதலில் கைவிட்ட வேலைகளில் இதுவும் ஒன்று. நல்ல ருசி போய்விட்டது என்பதும் உண்மை, போனதில் ஒரு நியாயம் இருந்தது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது.

மரண அறிவித்தல்களில் மக்கள், மருமக்கள், பேரர் என்று ஒரு வரிசை போடுவார்கள். இங்கும் வாரிசுகளுக்குக் குறைவில்லை. மூத்தவர், அடுக்கடுக்காகச் சுருள் விழும் ஓட்டுக்குள் கிழங்கை வைத்த தியோச்சியூ மூன்கேக். பன்றிநெய்யைக் கைவிடாத கடைகளில் மட்டும் அசல் மொறுமொறுப்போடு இருக்கிறார். இரண்டாமவர், உணவக ஓநீ. தியோச்சியூ உணவகங்களில் விருந்தின் முடிவில் இன்றும் மரியாதையாக வருகிறார், கிண்ணம்தான் சிறுத்துவிட்டது. இளையவர் ஓநீ கேக். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. வெண்ணெயும் தேங்காய்ப்பாலும் போட்டுப் பன்றி இல்லாமல் செய்யப்பட்டதால், இந்த ருசி முதல் தடவையாக மலாய் நண்பர்களின் பிறந்தநாள் மேசைக்கும் வந்தது. நிறத்தில் மட்டும் எனக்குச் சண்டை. கிழங்கு தானாகத் தருவது சாம்பல் கலந்த மங்கிய ஊதா. கண்ணைப் பறிக்கும் ஊதாவாக இருந்தால் அதில் சாயமோ ஊதாச் சர்க்கரைவள்ளியோ கலந்திருக்கிறது.

2020 டிசம்பரில் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ மானுடத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஊரே கொண்டாடியது, நானும்தான். வீட்டுச் சமையலை அப்படி ஒரு பட்டியலில் ஏற்றுவது கடினம். அதற்கு உரிமம் இல்லை, கடை எண் இல்லை, வரிசை இல்லை, படமெடுக்க வரும் சுற்றுப்பயணி இல்லை. அளவுகூட எழுதி வைக்கப்படவில்லை. ஆ மாவின் சர்க்கரைக் கிண்ணம் ஒரு விளிம்பு உடைந்த கோப்பை. அந்த உடைசல்வரை நிரப்பினால் ஒரு கிழங்குக்குக் கணக்கு. எந்தச் சமையல் புத்தகத்திலும் அந்த அளவு ஏறாது.

அவருடைய மகள் இப்போது ஓய்வுபெற்றவர். ஒரு சீனப் புத்தாண்டுக்கு முன்னால் மின்னரைவையில் கிழங்கைப் போட்டு, சோள எண்ணெய் விட்டு, ஒட்டாத சட்டியில் கிண்டிப் பார்த்தார். ஜிங்கோ கொட்டை உரித்துச் சுத்தம் செய்து பையில் அடைத்து வந்தது. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. தாயின் கருத்துக்காகக் காத்திருந்தார். எண்ணெய் போதாது என்றார் ஆ மா. வெங்காயம் கருகிவிட்டது என்றார். கொட்டையில் கசப்பு இருக்கிறது, குருத்தை யார் எடுத்தார்கள், கண் தெரியாதவர்களா என்று கேட்டார். பிறகு தன் கிண்ணத்தை முடித்துவிட்டு, சர்க்கரை ஆகாது என்று மகள் சொல்லச் சொல்ல, பேத்தி மிச்சம் வைத்த கிண்ணத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.